உயிர் பிழைத்தால் போதுமா?

மனிதனுக்கு நோய் வருவது புதிதல்ல. நோய் வந்தால் வைத்தியம் தேடுவதும் புதிதல்ல. நம் வர்த்தகச் சகோதரர்கள் இந்த விஷயத்தில் குறை வைப்பவர்களும் அல்லர். கடையில் ஒருவர் மயங்கி விழுந்தால், கல்லாவை அப்படியே விட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். இரத்தம் வேண்டுமென்றால் பத்துப் பேர் முன்வருகிறோம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அவருக்காகத் துஆச் செய்கிறோம். அவர் கண் விழித்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம்.

அதற்குப் பிறகு என்ன? இந்தக் கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

கண் விழித்த மனிதருக்கு வலக்கை எழவில்லை. நாக்குக் குழறுகிறது. நேற்றுவரை நாற்பது பேருடைய பற்றுக் கணக்கை மனத்திலேயே வைத்திருந்தவருக்கு இன்று தம் மகனின் பெயர் வாயில் வரவில்லை. டாக்டர் தம்முடைய வேலையைச் செய்து முடித்துவிட்டார். இனி ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்புகிறார். உயிரைக் காப்பாற்றியதோடு கடமை முடிந்துவிட்டதா? அல்லது அந்த உயிர் வாழ்வதற்கு வேண்டிய கையையும் காலையும் நாக்கையும் மீட்டுக் கொடுக்கும்வரை கடமை நீளுகிறதா? நீளுகிறதென்றால் அது யாருடைய கடமை? நோயாளியுடையதா, குடும்பத்தாருடையதா, முதலாளியுடையதா, அரசாங்கத்துடையதா, அல்லது நம் சங்கங்களுடையதா?

இது ஏதோ ஒருவர் இருவருக்கு நேரும் அபூர்வமான காரியமல்ல. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்திய வம்சாவளியினரில் அது 31.4 ஆக இருந்தது. 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்திருப்பது ஆறுதலே. எனினும், நாள் முழுவதும் நின்றுகொண்டு வேலை செய்பவரும், நேரம் தவறிச் சாப்பிடுபவரும், தேத்தண்ணீரில் பாலும் சீனியும் தாராளமாகச் சேர்ப்பவரும் நிறைந்த நம் கூட்டத்தில், சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் அவற்றின் பின்னே பாரிசவாயுவும் வருவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். ஆகவே இந்தக் கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் என்றேனும் சந்திக்கத்தான் வேண்டும்.

டாக்டருக்கு அடுத்த வரிசை

ஆஸ்பத்திரி என்றால் டாக்டரும், மிஸ்ஸியும், மருந்து கொடுக்கும் இடமும்தான் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதே ஆஸ்பத்திரியில், பெரும்பாலும் ஒரு மூலைக் கட்டடத்தில், வேறொரு கூட்டத்தார் வேலை செய்கிறார்கள். விழுந்துபோன கைகால்களுக்கு அசைவுப் பயிற்சி கொடுப்பவர் பிஸியோதெரபிஸ்ட். சட்டைப் பொத்தான் போடவும், கரண்டி பிடிக்கவும், குளிக்கவும், மீண்டும் தொழிலுக்குத் திரும்பவும் பழக்குபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மலாய் மொழியில் அந்தப் பகுதியின் வாசலில் ‘சாரா கெர்ஜா’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பேச்சையும், உணவை விழுங்கும் சக்தியையும் திருத்துபவர் பேச்சுப் பயிற்சியாளர். காது கேட்கும் அளவைச் சோதித்துக் கருவி பொருத்துபவர் ஒருவர். இன்ன நோய்க்கு இன்ன உணவு, இவ்வளவு உணவு என்று கணக்கிட்டுச் சொல்பவர் ஒருவர். பணமில்லாத நோயாளிக்கு எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டும் சமூகநல அதிகாரியும் ஆஸ்பத்திரியில் உண்டு.

இவர்களையெல்லாம் சேர்த்துச் சார்பு சுகாதாரத் துறையினர் என்று சொல்லலாம். மலேசியாவில் இவர்களுக்கென்று 2016-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் 23 தொழில்களைக் குறிப்பிடுகிறது. அந்தத் தொழில்களைச் செய்பவர்கள் அரசாங்கத்தின் மன்றத்தில் பதிந்துகொண்டிருக்க வேண்டும். கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவர்களுக்கு 1991-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தனியாக உண்டு. கடைத்தெருவில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு ‘தெரபி’ என்று எழுதி வைத்திருப்பவரெல்லாம் இவர்களில் சேர்ந்தவர் அல்லர். சரக்கு வாங்கும்போது முத்திரையைப் பார்க்கும் வர்த்தகர், உடம்பை ஒப்படைக்கும்போது பதிவுச் சான்றிதழைப் பார்ப்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

வேலூர் புகட்டிய பாடம்

கடமை எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயரான அவர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை வைத்தியராக வேலை பார்த்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களின் கைகளை, நல்ல தசைநார் ஒன்றை எடுத்து வேறிடத்தில் பொருத்தி விரியவைக்கும் சிகிச்சையை 1948-இல் அவர் செய்யத் தொடங்கினார். கை விரிந்தது. ஆனால் இடம் மாற்றிப் பொருத்தப்பட்ட தசைநாருக்குத் தன் புதிய வேலை தெரியாது. அதை நாள்தோறும் பழக்க வேண்டும். பழக்காவிட்டால் கத்தி செய்த வேலை பாதியில் நின்றுவிடும்.

அதனினும் பெரிய பாடம் ஒன்றை அவருடைய நோயாளிகளே அவருக்குப் புகட்டினார்கள். கை சரியானவர்கள் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். முன்பு கை கோணலாக இருந்தது, பிச்சையாவது விழுந்தது. இப்போது கை நேராகிவிட்டது, பிச்சையும் இல்லை, தொழுநோய் வந்தவன் என்று வேலை கொடுப்பாரும் இல்லை என்றார்கள். அறுவை செய்த டாக்டர் என்ன சொல்லியிருக்கலாம்? “என் வேலை முடிந்தது, இனி உங்கள் பாடு” என்றிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவரைக் குறைகூற ஆளிருந்திருக்காது. ஆனால் அவரும் அவருடன் இருந்தவர்களும் 1951-இல் நவஜீவ நிலையம் என்ற ஓர் இடத்தை ஏற்படுத்தி, மீண்ட கைகளுக்குத் தச்சு வேலை முதலிய தொழில்களைக் கற்றுக் கொடுத்தார்கள். கையைத் திருத்துவதோடு கடமை முடியவில்லை, அந்தக் கை சோறு சம்பாதிக்கும் வரை கடமை நீளுகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற பெண்மணி, 1954-இல் நடந்த மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனார். அவரும் உயிர் பிழைத்தவர்தான். அத்துடன் விட்டிருந்தால் ஒரு கட்டிலும் நான்கு சுவர்களும்தான் அவருக்கு மிஞ்சியிருக்கும். ஆனால் பயிற்சியின் பலத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு வைத்தியத்தையே தனிக் கல்வியாகக் கற்றுத் திரும்பி, 1963-இல் வேலூரில் அதற்கென ஒரு துறையை நிறுவினார். இந்தியாவில் அத்தகைய துறைகளுக்கு முன்னோடியானவற்றில் அதுவும் ஒன்று. 1966-இல் அங்கே ஒரு மறுவாழ்வு நிலையமும் எழும்பியது. பிழைத்த ஓர் உயிருக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் எழுந்து நடந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

எட்டாத தூரம்

“வேலூரைப் பற்றிச் சொல்கிறீர், நாம் இருப்பது ஜொகூரில் அன்றோ?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஜொகூர் சிறிய மாநிலமல்ல. சுமார் 19,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பத்து மாவட்டங்கள்; 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள் தொகை 40 இலட்சம். ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா ஆஸ்பத்திரியும் சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. மூவார், பத்து பகாட், குளுவாங் ஆகிய ஊர்களில் பெரிய ஆஸ்பத்திரிகள் உண்டு. சிகாமட், மெர்சிங், கோத்தா திங்கி, பொந்தியான், தங்காக், கூலாய் ஆகிய இடங்களிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆகவே டாக்டர் இல்லை என்று யாரும் சொல்வதற்கில்லை. ஆனால் பெரிய ஊரில் எல்லா வகைப் பயிற்சியாளர்களும் இருக்கலாம். சிறிய ஊரில் சில வகையினர் மட்டுமே இருப்பர், மற்றவர்களுக்குப் பெரிய ஊரைத்தான் நாட வேண்டும்.

மெர்சிங்கில் சில்லறைக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரரை எடுத்துக்கொள்வோம். அவரும் மனைவியும்தான் கடையில். மகன் கோலாலம்பூரில் வேலை. அவருக்குப் பாரிசவாயு வந்து பேச்சுப் போய்விட்டது. பேச்சுப் பயிற்சிக்குக் குளுவாங்குக்கோ ஜொகூர் பாருவுக்கோ போகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குளுவாங் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஜொகூர் பாரு 130 கிலோமீட்டருக்குக் குறையாது. பயிற்சி முக்கால் மணி நேரம். பிரயாணம் ஒரு நாள். மனைவி கூடப் போனால் கடை அடைப்பு. அரசாங்கக் கட்டணம் குடிமக்களுக்குச் சில வெள்ளிதான். ஆனால் வாடகைக் காரும் அடைத்த கடையும் சேர்ந்தால் நூறு வெள்ளிக்கு மேல் போய்விடும். இரண்டு வாரம் போவார். மூன்றாவது வாரம், “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்பார். அடுத்த மாதம் வருவதில்லை.

இவரைக் குற்றம் சொல்லலாமா? ஒரு பொருள் சந்தையில் இருக்கிறது என்பதும், அது நமக்குக் கிடைக்கிறது என்பதும் வெவ்வேறு என்பதை வர்த்தகரைவிட நன்றாக அறிந்தவர் யார்? துறைமுகத்தில் இறங்கிக் கிடக்கும் அரிசி, கடைக்கு வரும்வரை யாருடைய பசியையும் ஆற்றாது. சிகிச்சையும் அப்படித்தான். இருக்கிறது என்று பட்டியலில் எழுதிவைத்து, எட்டாத தூரத்தில் வைத்துவிட்டால், அந்த உரிமை பாதி உரிமையே. ஆகவே நோயாளியின் பொறுப்பைப் பேசுமுன், தூரத்தைக் குறைக்கக் கூடியவர்களின் பொறுப்பைப் பேச வேண்டியதாகிறது. சக்திக்கு ஏற்றபடியே கடமை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. கார் உள்ளவருக்கும், ஓய்வு உள்ளவருக்கும், ஆள் பலம் உள்ளவருக்கும் கடமை அந்த அளவுக்குக் கூடுகிறது.

நாம் சொல்லும் சமாதானங்கள்

இங்கே நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் சில சமாதானங்களைப் பரிசீலிப்போம்.

“எல்லாம் இறைவன் நாட்டம், எழுதியபடி நடக்கும்” என்பது முதலாவது. இதை மறுப்பவர் நம்மில் யாருமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் மேடைதோறும் கேட்டு வருகிறோம். கடைக்குப் பூட்டுப் போடாமல் யாராவது தவக்குல் வைக்கிறார்களா? கடனை வசூலிக்காமல் நாட்டம் என்று விட்டுவிடுகிறார்களா? கல்லாப்பெட்டி விஷயத்தில் முயற்சியும், உடம்பு விஷயத்தில் மட்டும் நாட்டமும் பேசுவது நேர்மையாகாது. உடம்பும் இறைவன் கொடுத்த அமானத்தே. அமானத்துப் பொருள் பழுதுபட்டால் அதைச் செப்பனிடுவதும் அமானத்தைக் காப்பதில் சேர்ந்ததே.

“போய்ப் பார்த்தோம்; பலன் ஒன்றும் தெரியவில்லை” என்பது இரண்டாவது. மருந்து குடித்தால் மறுநாள் காய்ச்சல் தணியும், பயிற்சி அப்படிப்பட்டதல்ல. மூளையில் ஒரு பகுதி பழுதானால், மற்றப் பகுதிகள் அந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கற்றுக்கொள்ள வேண்டும். முதல் சில மாதங்களில்தான் அது மிக வேகமாக நடக்கிறது. அந்த மாதங்களைத்தான் நாம் “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று கழித்துவிடுகிறோம். புதுக்கடை திறந்தவர் முதல் மாதத்தில் இலாபம் வரவில்லையென்று கடையை மூடுவதில்லை. எல்லோருக்கும் எல்லாம் திரும்பிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் திரும்பாத கைக்குப் பதிலாக மிஞ்சியிருக்கும் கையைக் கொண்டு வாழ்வதற்கும் ஒரு பயிற்சி உண்டு.

“உருவி விட்டால் போதும்” என்பது மூன்றாவது. உருவி விடுவதை நாம் இகழ்வதற்கில்லை. ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரியிலேயே 2008 முதல் மலாய் முறை உருவுதலுக்கும் சீன ஊசி வைத்தியத்துக்கும் ஒரு பகுதி ஏற்பட்டிருக்கிறது. டாக்டருக்குத் தெரிவித்து, பயிற்சியோடு சேர்த்துச் செய்வதில் தடையில்லை. ஆனால் உருவும்போது வேலை செய்வது உருவுபவரின் கை; பயிற்சியில் வேலை செய்ய வேண்டியது நோயாளியின் கை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

“அவருக்கு ஏன் சிரமம்? நாங்களே எல்லாம் செய்து கொடுத்துவிடுகிறோம்” என்பது நான்காவது. இது அன்பினால் வருவது. ஆகையால் இதைக் கடிந்து பேச மனம் வரவில்லை. ஆனால் அன்பு அறிவோடு சேர்ந்திருக்க வேண்டும். பாரிசவாயு வந்தவருக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கக்கூடும். அது தெரியாமல் பிரியத்தோடு ஊற்றிய ஒரு குவளைக் காப்பி, நெஞ்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சளிக்காய்ச்சலை உண்டாக்கி உயிரையே வாங்கிவிடும். எதை எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று சோதித்துச் சொல்வதும் பேச்சுப் பயிற்சியாளரின் வேலை என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது.

அதோடு, ஒரு மனிதரின் மானத்தையும் நினைக்க வேண்டும். குடும்பத் தலைவராக இருந்தவர், கைலி கட்டவும் மற்றொருவர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தாமே எழுந்து ஒளூச் செய்து, நாற்காலியில் அமர்ந்தேனும் தாமே தொழுதுவிட வேண்டும் என்று அவர் உள்ளம் தவிக்கிறது. ஒளூச் செய்யும் அந்த ஒரு காரியத்தை அவருக்கு மீட்டுக் கொடுப்பது, பத்துப் பேர் சுற்றி நின்று பணிவிடை செய்வதைவிடப் பெரிய உபகாரம் அல்லவா?

டிக்கெட்டும் கடமையும்

இனி நாம் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

நம் உணவுக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் ஊரிலிருந்து வந்து உழைப்பவர்கள் பலர். இராமநாதபுரத்திலிருந்தும், தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்தும், தஞ்சை, நாகைப் பகுதிகளிலிருந்தும் மனைவி மக்களை விட்டுவிட்டு வந்தவர்கள். இவர்களில் ஒருவர் மாடிப்படியில் சரக்கோடு சறுக்கி விழுந்து இடுப்பொடிந்தாலோ, கொதி எண்ணெய் கையில் கொட்டினாலோ, நாம் என்ன செய்கிறோம்? ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கிறோம். தையல் பிரித்ததும் விமான டிக்கெட் எடுத்து, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து, ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். “நல்ல முதலாளி, டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்” என்று பெயரும் வாங்கிக்கொள்கிறோம்.

ஊருக்குப் போவது தவறென்று நாம் கூறவில்லை. மனைவியும் தாயும் அருகிலிருந்து, தன் சொந்த மொழியில் பேசிக்கொண்டு குணமடைவதே மேல் என்று அவரே விரும்பலாம். கேள்வி அதுவல்ல. டிக்கெட் என்பது அவருடைய குணத்துக்கு வழியா, அல்லது நம்முடைய பொறுப்புக்கு முடிவா? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று போதிக்கப்பட்டவர்கள் நாம். அந்தக் கையே நம் கடையில் போயிருந்தால், அந்தக் கையின் கணக்கை ஒரு டிக்கெட்டில் நேர் செய்துவிட முடியுமா?

சட்டத்தின் நிலை என்னவென்று பார்ப்போம். சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதன் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் இயலாமைத் திட்டமும் அவர்களுக்கு விரிவாக்கப்பட்டது. காயம்பட்ட தொழிலாளரை மீண்டும் வேலைக்குத் தகுதியாக்கும் திட்டம் ஒன்றைச் சொக்சோ 2007 முதல் நடத்தி வருகிறது. மூவாருக்கு அண்மையிலுள்ள மலாக்காவில் அதற்கென ஒரு பெரிய மறுவாழ்வு நிலையம் 2014-இல் திறக்கப்பட்டது. சொந்தமாகத் தொழில் செய்யும் சிறு வியாபாரிகளுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சந்தா கட்டிச் சேர வழி செய்யப்பட்டிருக்கிறது. மாதா மாதம் சந்தா கட்டும் முதலாளிகள், விபத்து நேர்ந்தபின் மனுச் செய்யாமல் விட்டுவிட்டால், பணத்தையும் கட்டிப் பலனையும் இழந்தவர்கள் ஆவார்கள். சந்தாவே கட்டாதவர்கள் சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ஊருக்கு அனுப்புவதென்றே முடிவானால், அதற்கும் ஒரு முறை உண்டு. ஆஸ்பத்திரியின் சுருக்க அறிக்கையையும், எடுத்த எக்ஸ்ரே படங்களையும், பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாளையும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடிச் சென்று பிஸியோதெரபி கொடுக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கும்படி அவர் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு மாதம் கழித்து, “கை எப்படி இருக்கிறது?” என்று டெலிபோனில் கேட்பதற்கு என்ன செலவாகிவிடும்?

எல்லோருடைய கடமை

கடமைகளை நம் அறிஞர்கள் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டியது பர்ளு ஐன். ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்கள் பொறுப்பு நீங்கும், ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்தில் சேரும் என்பது பர்ளு கிஃபாயா. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் ‘இஹ்யா’ என்ற நூலில் வைத்தியத்தை இந்த இரண்டாம் வகையில் சேர்த்தார்கள். அதோடு நில்லாமல், தம் காலத்தவர்கள் சட்டக் கலையைக் கற்பதில் நெருக்கியடித்துக்கொண்டு, வைத்தியத்தைக் கற்க ஆளின்றி விட்டுவிட்டதைக் கண்டித்தும் எழுதினார்கள். சட்டக் கலை பதவியையும் பெருமையையும் தந்தது. வைத்தியம் தரவில்லை என்பதே அதற்குக் காரணம் என்று அவர்கள் கண்டார்கள்.

இன்று அந்தக் கண்டனம் நமக்கும் பொருந்துகிறது. நம் பிள்ளைகள் டாக்டராக வேண்டும் என்று கடையை அடகு வைத்தும் படிக்க வைக்கிறோம். மகளைப் பேச்சுப் பயிற்சியாளராக்கினேன், மகனை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆக்கினேன் என்று பெருமையோடு சொல்லும் தகப்பனார் நம்மில் எத்தனை பேர்? பாரிசவாயுவால் பேச்சிழந்த தமிழ்ப் பெரியவருக்கு முதலில் திரும்பி வருவது எந்த மொழி என்று முன்கூட்டியே சொல்வதற்கில்லை, தாய்மொழியாகவும் இருக்கலாம். அப்போது அவர் எதிரில் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டாமா? பெண் நோயாளிகள் ஆண் பயிற்சியாளரிடம் போகக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதும் நாம் அறிந்ததே. பெண் பயிற்சியாளர் வேண்டுமென்று கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். ஆனால் நம் பெண்மக்களும் இந்தக் கல்வியைக் கற்றால் அந்தக் கூச்சத்துக்கே இடமிராது.

“இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை அல்லவா?” என்று கேட்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆம், அரசாங்கத்தின் வேலைதான். வரி கொடுப்பவர்கள் என்ற முறையில், இன்ன ஊரில் இன்ன பயிற்சியாளர் தேவை என்று சுகாதார இலாகாவுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மனுக் கொடுப்பது நம் உரிமை. அதைச் செய்யவும் வேண்டும். அரசாங்கம் சும்மா இருந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1984-இல் திரெங்கானுவில் பத்து ராக்கிட் என்ற இடத்தில் ஐம்பத்தைந்து குழந்தைகளோடு பரீட்சார்த்தமாகத் தொடங்கிய பெ.டி.கே. எனும் சமூக மறுவாழ்வுத் திட்டம், இன்று நாடெங்கும் நிலையங்களாகப் பரவியிருக்கிறது. படுக்கையைவிட்டு எழ முடியாதவர்களுக்கு வீட்டுக்கே ஒரு குழு வரும் ஏற்பாடும் அரசாங்கச் சுகாதார கிளினிக்குகள் மூலம் நடைபெறுகிறது. ஆனால் மனுவுக்குப் பதில் வருவதற்குள் மாதங்கள் ஓடும்; அந்த மாதங்களில் கை இறுகிவிடும். ஆகவே கேட்பதையும் செய்ய வேண்டும். கேட்டது கிடைக்கும்வரை நம்மால் ஆனதையும் செய்ய வேண்டும்.

செய்யக்கூடியவை

நம்மால் ஆனவை எவை?

முதலாவதாக, ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை அழைத்துவரும் நாளில் நான்கு கேள்விகளைக் கேட்காமல் வாசலைத் தாண்டக் கூடாது. இவருக்கு எந்தெந்தப் பயிற்சி தேவை? அது நம் ஊருக்கு மிக அருகில் எங்கே கிடைக்கும்? அதற்கான சிபாரிசுக் கடிதம் எங்கே? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன, அதை ஒருமுறை எங்களுக்குச் செய்து காட்ட முடியுமா? வீட்டில் நாள்தோறும் செய்யும் பயிற்சிதான் மாதம் இருமுறை ஆஸ்பத்திரியில் செய்யும் பயிற்சிக்குப் பலன் கொடுக்கும்.

இரண்டாவதாக, பணமில்லாதவர்கள் ஆஸ்பத்திரியின் சமூகநல அதிகாரியைப் பார்க்க வேண்டும். ஊனம் நிலைத்துவிட்டால் சமூகநல இலாகாவில் பதிந்துகொண்டு ஓ.கே.யு. அட்டை பெறலாம். ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்கள் ஜொகூர் மாநில இஸ்லாமிய மன்றத்தை அணுகலாம். இவற்றைக் கேட்பதில் இழிவொன்றும் இல்லை.

மூன்றாவதாக, நம் சங்கங்களும் ஜமாஅத்துகளும் ஆண்டுக்கு ஒரு விருந்தைச் சுருக்கினாலே வாரம் ஒருநாள் ஒரு வேன் விடலாம். ஒரே ஊரிலுள்ள நான்கு நோயாளிகளுக்கு ஒரே நாளில் முறை கேட்டு வாங்கினால், நான்கு கடைகள் அடைக்கப்படாமல் ஒரு வண்டியில் காரியம் முடியும். ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. பயிற்சி பெரும்பாலும் கடை நடக்கும் வாரநாட்களில்தான் கிடைக்கும் என்பதால் இந்த உதவி மிகவும் அவசியம். மலாயும் தமிழும் அறிந்த வாலிபர்கள் துணைக்குப் போனால் பயிற்சியாளர் சொல்வது நோயாளிக்கு விளங்கும். இந்தத் துறைகளில் படிக்க முன்வரும் நம் பிள்ளைகள் இருவருக்காவது உபகாரச் சம்பளம் கொடுக்கலாம்.

நோயாளியைப் போய் விசாரிப்பது நம் மார்க்கம் வற்புறுத்தும் நற்செயல். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு முதல் வாரத்தில் நாம் எல்லோரும் போகிறோம். அந்த வீட்டுக்கு நாம் மெய்யாகவே தேவைப்படுவது நான்காவது மாதத்தில். அப்போது வாசலில் செருப்புகள் குறைந்துவிடுகின்றன. மனைவிக்கு அலுப்புத் தட்டிவிடுகிறது. நோயாளிக்கு நம்பிக்கை போய்விடுகிறது. அந்த நான்காவது மாதத்தில் ஒருவர் போய், “இன்று குளுவாங்குக்கு நான் அழைத்துப் போகிறேன், கடையை என் மகன் பார்த்துக்கொள்வான்” என்று சொன்னால், அதுவே மெய்யான விசாரிப்பு.

உயிரைக் கொடுப்பதும் எடுப்பதும் இறைவன் வசம். கொடுத்த உயிர் எழுந்து நடக்கவும், பேசவும், தன் கையால் உண்ணவும் துணைசெய்வது மனிதர்களாகிய நம் வசம் விடப்பட்டிருக்கிறது. நம் ஊரில் அந்தத் துணையின்றி ஒருவர் படுத்துக் கிடந்தால், அந்தப் பர்ளு கிஃபாயா இன்னும் நம் எல்லோர் தலைமீதும் இருக்கிறது. அதை இறக்கிவைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக; ஆமீன்.